வாண்டா ப்ரூசிக் கண்டுபிடித்த வெட்டு

அமெரிக்காவின் டேட்டன் நகரத்துப் பள்ளி ஒன்றின் சமையற்கூடத்தில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்த்து வந்தாள் வாண்டா ப்ரூசிக். வயது ஐம்பத்தொன்று. அவள் சேர்த்தது ஆட்டக்காரர் படம் போட்ட பேஸ்பால் அட்டைகள். அதுவும் 1910ஐ ஒட்டி சிகரெட் பெட்டிக்குள் போட்டு விற்ற, தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய அட்டைகள். புகழ்பெற்ற முகங்களை அவள் சீண்டவே மாட்டாள். ஒரே ஒரு பருவம் ஆடிவிட்டு நிலக்கரிச் சுரங்கத்துக்கோ செங்கல் சூளைக்கோ திரும்பிப் போனவர்கள்தான் அவளுக்கு வேண்டும்.

ஊரில் அட்டை சேகரிப்போர் சங்கம் ஒன்று இருந்தது. சேரப் போனாள். தலைவர் கார்லண்ட் ஸ்ட்ரூப் படிவத்தை வாங்கவே இல்லை.

"உங்க வீட்டுக்காரர் பேர்ல எழுதிக் குடுங்கம்மா."

"அவனைத் துரத்திவிட்டு எட்டு வருஷமாச்சு. அவனுக்குப் பந்து எது, பலூன் எதுன்னே தெரியாது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். படிவம் மட்டும் அவள் கையிலேயே இருந்தது.

இதைக் கேட்டு எல்ராய் டிப்ஸ் தோளைக் குலுக்கினான். கறுப்பர் தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவன். அவளைவிடப் பதின்மூன்று வயது இளையவன். அவளைப் போலவே அட்டைப் பைத்தியம். "என்னையும்தான் சேர்க்கல. விடு. அவங்களுக்குத் தெரியாததை நாம கத்துக்கலாம்."

திங்கட்கிழமை அவன் கடைக்கு விடுமுறை. பள்ளிச் சாப்பாடு முடிந்ததும் வாண்டா அங்கே போவாள். நைந்த ஓரத்தைச் சீவிவிட்டால் பழைய அட்டை புதிதுபோலத் தெரியும், விலை பத்து மடங்கு ஏறும். அந்த ஏமாற்றைக் கண்டுபிடிக்கத்தான் எல்ராய் சொல்லிக் கொடுத்தான். விலைபோகாத தன் அட்டை ஒன்றைச் சவரக்கத்தியால் சீவி, மற்ற நான்கோடு கலந்து வைப்பான். "எது வெட்டினது, சொல்லு." வாரக்கணக்கில் தப்பாகவே சொன்னாள். "உன் கண்ணு உருளைக்கிழங்கு உரிக்கத்தான் லாயக்கு" என்பான். மூன்றாம் மாதம் ஐந்தையும் தூக்கிப் போட்டாள். "இதுல எதுவும் வெட்டினது இல்ல. என்னையா ஏமாத்தப் பார்க்கிற?" எல்ராய் எழுந்து நின்று கைதட்டினான்.

1984 அக்டோபரில் சங்கம் ஓர் ஓட்டல் மண்டபத்தில் கண்காட்சி நடத்தியது. சிரிப்பார்கள் என்று தயங்கினாள் வாண்டா. கூட வேலை செய்த இர்மா டெலேசிக்கு பேஸ்பாலே தெரியாது, ஆனால் விடவில்லை. "நீ போகலைன்னா வருஷம் முழுக்க வெங்காயம் உரிக்கிறது உனக்குத்தான். கிளம்பு, நானும் வர்றேன்." எல்ராயும் கூட வந்தான்.

ஸ்ட்ரூபின் மேசையில் ஓர் அட்டை, நான்கு மூலையும் ஊசியாக. டயர் தொழிற்சாலைக்காரர் லைல் ஹாக்கெட் அறுநூறு டாலரை நீட்டப் போனார். அதற்குள் வாண்டா லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டாள்.

"வாங்காதீங்க. ஓரம் வெட்டியிருக்கு."

ஸ்ட்ரூபுக்கு முகம் சிவந்தது. "அந்தக் காலத்து மிஷின் ஒண்ணைப் பெரிசா, ஒண்ணைச் சிறிசா வெட்டும். இதுகூடத் தெரியாம வந்துட்டாங்க!"

"தெரியும். அதனாலதான் அளவைப் பத்திப் பேசலை. ஓரத்தைப் பாருங்க. மூணு பக்கம் டீ நிறம், நாலாவது பக்கம் பால் மாதிரி. எழுபது வருஷமா அந்தப் பக்கத்துக்கு மட்டும் வயசே ஆகலையா?"

யாரோ எல்ராயைப் பார்த்து, "நீ என்னப்பா சொல்றே?" என்றார்கள். அவன் கைகளைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டான். "அவதான் சொல்லிட்டாளே."

மூவரையும் வெளியே அனுப்பினார்கள். வண்டி நிறுத்துமிடத்தில் இர்மா மடக்கு மேசையை விரித்து, பீட்சா அட்டைப்பெட்டியில் பெரிதாக எழுதினாள்: 'பழைய அட்டையைக் காட்டுங்கள். வெட்டா இல்லையா சொல்கிறோம். இலவசம்.'

அரைமணி நேரம் ஒருவரும் வரவில்லை. குளிர்காற்று வேறு. பிறகு ஹாக்கெட் வந்தார், வசந்தத்தில் ஸ்ட்ரூபிடம் வாங்கிய இன்னோர் அட்டையோடு. வாண்டா பார்த்தாள். "இதுவும்தான், சார்." அவர் மண்டபத்துக்குள் போனார். திரும்பும்போது பின்னால் ஏழெட்டுப் பேர்.

ஸ்ட்ரூப் ஓடிவந்தார். "போலீசைக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க. அவர்கிட்டயும் அட்டை இருந்தா பார்த்துச் சொல்றேன்."

பொழுது சாய்வதற்குள் நாற்பது அட்டை பார்த்தாள். பதினொன்று வெட்டுப்பட்டவை. நல்லதை நல்லது என்றும் தயங்காமல் சொன்னாள்.

குளிர்காலத்தில் ஸ்ட்ரூப் பதவி விலகினார். தப்பை ஒப்புக்கொள்ளவே இல்லை. புதிய நிர்வாகம் வாண்டாவுக்கு உறுப்பினர் படிவம் அனுப்பியது, எல்ராய்க்கு இல்லை. அதன் பின்பக்கத்தில், "இரண்டு படிவம் தந்தால் வாங்குவேன்" என்று எழுதித் திருப்பி அனுப்பினாள். பதில் வரவில்லை.

ஏப்ரலில் மூவரும் தொழிற்சங்கக் கூடத்தை வாடகைக்கு எடுத்துச் சொந்தமாகக் கண்காட்சி வைத்தார்கள். ஒரே விதி: எந்த அட்டையையும் யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம். பத்து மேசை நிரம்பினாலே பெரிது என்றிருந்தார்கள், இருபத்தாறு நிரம்பியது. சின்சினாட்டி வியாபாரி ஒருவர் முணுமுணுத்தார், "சமையல்காரி வந்து என் சரக்கைச் சோதிக்கிறதா?"

"ஆமா" என்றாள் வாண்டா. "அந்த மூணாவதை எடுங்க."