வெற்றிலைச் சாறு பூசிய உதடு

உங்கள் அக்காவின் நெஞ்சில் நீளமாக ஒரு தழும்பு இருக்கிறதே, அது ஏன் என்று கேட்டால் அம்மா "ஒப்பரேசன்" என்று ஒரு சொல்லோடு முடித்துவிடுவாள். மிச்சத்தை உங்கள் அப்பா நான் எழுதி வைக்கிறேன். நினைத்தால் இப்போதும் காறித் துப்பத்தான் தோன்றுகிறது.

அது சண்டைக் காலம். நாவற்குடாவில் அம்மாவுக்குச் சீதனமாகக் கிடைத்த வீட்டில் இருந்தோம். அதே வளவில் என் மாமியாரும், கலியாணம் ஆகாத உங்கள் சின்னம்மாவும் இருந்தார்கள். அக்கா சின்னப்பிள்ளை. கொஞ்சம் ஓடினாலே குந்திவிடுவாள். அழுதால் உதடும் நகமும் நாவற்பழம் தின்றதுபோல நீலமாகிவிடும். மாமியார் அதை முட்டு வருத்தம், வெறும் மூச்சிழுப்பு என்றே எல்லோரிடமும் சொல்லி வந்தார்.

ஆஸ்பத்திரி டொக்டர் ஒரு தாளில் இருதயத்தைக் கீறிக் காட்டினார். பிறக்கும்போதே இருதயம் பல விதப் பிழையோடு வருமாம். சிலருக்கு நடுச்சுவரில் ஓட்டை மட்டும். சிலருக்கு வால்வு ஒடுங்கியிருக்கும். சிலருக்குப் பிறந்தபின் மூடவேண்டிய குழாய் மூடாது. சிலருக்குப் பெரிய குழாய்கள் இரண்டும் இடம் மாறியிருக்கும். அக்காவுக்கு ஓட்டையும் இருந்தது, நுரையீரலுக்கு இரத்தம் போகும் வழியும் ஒடுங்கியிருந்தது. அதனால் கெட்ட இரத்தம் நல்ல இரத்தத்தோடு கலந்து உடம்பு நீலமாகிறது. குந்தினால் நுரையீரலுக்குக் கொஞ்சம் கூடுதலாக இரத்தம் போகும், அதைப் பிள்ளையின் உடம்பே கண்டுபிடித்திருக்கிறது என்றார். நாங்கள் அதைச் சோம்பல் என்று நினைத்திருந்தோம்.

ஏன் வந்தது என்று அம்மா அழுதுகொண்டு கேட்டாள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் தாய்க்கு ருபெல்லாக் காய்ச்சல் வந்தால் வரலாம், சீனி வருத்தத்தால் வரலாம், சில மருந்துகளால் வரலாம், தாய் வழியிலோ தகப்பன் வழியிலோ வரலாம், அநேகமாகக் காரணமே தெரியாது, யாருடைய பிழையும் இல்லை என்றார். பாதை திறந்திருக்கும்போதே கொழும்புக்குக் கொண்டுபோகச் சொன்னார். அந்த நாளில் பாதை எப்போது பூட்டும் என்று யாருக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்து சொன்னதும், என்னை மகன் என்றே கூப்பிடும் மாமியார் கதவைச் சாத்தினார்.

"தங்கச்சிட கலியாணம் முடியட்டும் மகன். நெஞ்சில ஓட்டை எண்டு வெளியில தெரிஞ்சா நம்மட குடிக்குள்ள எவன் மாப்பிள்ளையா வருவான்?"

நம் பக்கத்தில் குடி, அதாவது குலம், தாய் வழியில் வருவது. ஆகவே பழியும் தாய் வழியிலேயே வரும். பிள்ளையின் மூச்சை விடக் குடியின் பெயர் பெரிதாகப் போய்விட்டது.

சின்னம்மாவைப் பார்க்கச் செங்கலடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாமியார் உள்ளறையில் வெற்றிலையை நன்றாக மென்று, வாயிலிருந்த சிவப்பு எச்சிலை விரலில் எடுத்து அக்காவின் உதட்டில் பூசினார். நீலம் மறைய வேண்டுமாம். பிள்ளை முகத்தைத் திருப்பத் திருப்ப, நாடியைப் பிடித்துப் பூசினார். பிள்ளையைப் பறித்தெடுத்துச் இடுப்புச் சாரன் நுனியால் துடைத்தேன். சிவப்பு துணியில் வந்தது, நீலம் உதட்டில் இருந்தது. அவள் வீறிட்டு அழுது, என் கையிலிருந்து வழுகி வெளியே ஓடி, வந்தவர்களின் முன்னாலேயே குந்திவிட்டாள்.

பலகாரத் தட்டை மடியில் வைத்திருந்த மாப்பிள்ளையின் தாய் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எங்கட மூத்த மகள்ற புள்ளையும் இப்பிடித்தான் குந்தும்கா. முட்டு எண்டு சொல்லித்தான் வச்சிருந்தம். போன மாரியில செத்திட்டு."

அந்தப் பிள்ளைக்காக அவர் அழுவார் என்று நினைத்தேன். அவர் மாமியாரின் பக்கம் குனிந்து, "நாங்களும் சொல்லல்ல, நீங்களும் சொல்லாதங்க," என்றார். மாமியாரின் முகம் தெளிந்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள். செத்த பிள்ளையையும் சாகக் கிடந்த பிள்ளையையும் ஈடு வைத்துச் சம்பந்தம் பேசி முடித்து, கொழுக்கட்டையும் தின்றார்கள். அந்த மெல்லும் சத்தம் இன்னும் என் காதில் கிடக்கிறது.

அம்மா உள்ளே போய் அக்காவின் சட்டைகளைப் பையில் போட்டாள். விடிய முதல் பஸ்ஸில் கொழும்புக்குப் புறப்பட்டோம். வழியெல்லாம் ஆமிக்காரர் இறக்கி இறக்கிச் சோதித்தார்கள். ஒவ்வொரு வரிசையிலும் அக்கா குந்தினாள். இழுத்து நிமிர்த்த வந்தவர்களை அம்மா கிட்ட விடவில்லை.

ஒப்பரேசன் முடிந்து நாங்கள் பார்க்கப் போனபோது அக்காவின் உதடு சிவந்திருந்தது. அம்மா நம்பவில்லை. விரலை ஈரமாக்கி மெதுவாகத் தேய்த்துப் பார்த்தாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.