காது குத்திய நாளின் அழுகை

2002 ஜூன் 9, ஞாயிறு. காலை 9: கீழக்குயில்குடி அருகே குலதெய்வக் கோயிலில் என் மகளின் மகனுக்கு மொட்டை, காது குத்து. வயது பத்து மாதம். பிற்பகல் 1.30: முதல் அழுகை. 1.50: மீண்டும். மாலை 6: வாந்தி. திங்கள் காலை 8: மலத்தில் ரத்தம். 10.15: ஸ்கேன். 10.40: நீர் செலுத்தத் தொடங்கினேன். 11.05: நிறுத்தினேன். 12: அறுவை. செவ்வாய் பிற்பகல் 3.10: இறப்பு.

நான் ஸ்கேன் மருத்துவன். குழந்தைகளின் குடலில் ஒரு பகுதி, உள்ளே சுருண்டுகொண்ட சட்டைக் கையைப் போல, அடுத்த பகுதிக்குள் நுழைந்து அடைத்துக்கொள்வதுண்டு. கத்தி வேண்டியதில்லை. ஆசனவாய் வழியே வெதுவெதுப்பான உப்புநீரை மெல்லச் செலுத்தி, நுழைந்த குடல் பின்வாங்குவதைத் திரையில் பார்த்தபடியே சரிசெய்துவிடலாம். பிறர் பிள்ளைகளுக்குப் பலமுறை செய்திருக்கிறேன். ஒரே நிபந்தனை, நேரத்தோடு வர வேண்டும். தாமதித்தால் குடல் செத்துப்போகும். செத்த குடல் நீரின் அழுத்தத்தைத் தாங்காது.

என் மகன் தாய்மாமன். அவன் போட்ட கம்மலை வைத்துப் பந்தியில் கேலி நடந்தது.

“கம்மல் அம்புட்டுக் கனம் மாப்ள! அதான் மருமகன் இம்புட்டுக் கத்துறாரு,” என்றார் சம்பந்தி வீட்டார் ஒருவர்.

மகள் என் இலையருகே வந்து குனிந்தாள். “அப்பா, கால மடக்கி மடக்கி அழுகுறான்ப்பா. காது வலிச்சா கால எதுக்கு மடக்கணும்?”

எழுந்து, கையைக் கழுவி, வயிற்றைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். அதற்குள் சம்பந்தி, “கறிவிருந்துலயுமா வைத்தியம்? எந்திரிக்காமச் சாப்பிடுங்க சம்பந்தி,” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“காது வலிதாம்மா. தூங்குனாச் சரியாப்போகும்.”

சொல்லும்போதே எனக்கு ஐயம் இருந்தது. குத்திய காது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வலித்து, இடையில் ஓய்வதில்லை. ஆனால் பந்தியில் பாதியில் எழுவது விருந்திட்டவரை அவமதிப்பதாகும். அதை மட்டுமே எண்ணினேன்.

குழந்தையைத் திருவாதவூருக்கு, சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். வாந்திக்கு வெயிலைக் காரணம் சொன்னார்கள். மறுநாள் காலையில்தான் எனக்குத் தொலைபேசி வந்தது. நான் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கே கொண்டுவரச் சொன்னேன்.

திரையில் வளையத்துக்குள் வளையம். அதைச் சுற்றி, இருக்கக் கூடாத நீர்.

“சார், நேரம் தாண்டிருச்சு. தியேட்டருக்குக் கொண்டு போயிருவோம்,” என்றார் அறுவை மருத்துவர்.

ஒரே ஒரு முறை நீர் செலுத்திப் பார்க்கிறேன் என்றேன். வேறொருவர் பிள்ளையாக இருந்தால் கேட்டிருக்க மாட்டேன். வளையம் ஓரங்குலம் பின்வாங்கி நின்றது. அழுத்தத்தைச் சற்றே கூட்டினேன். நீர் குடலுக்கு வெளியே பரவுவதை நானே பார்த்தேன்.

“ஒங்களால ஆனதச் செஞ்சீங்கப்பா,” என்று மகள் இன்றும் என்னைத் தேற்றுகிறாள்.

செய்யாமல் இருப்பவை:

ஞாயிறு பகலிலேயே ஐயம் இருந்தது என்று மகளிடம் சொல்வது.

அந்த ஸ்கேன் படங்களை அறுவை மருத்துவரோடு உட்கார்ந்து ஒருமுறை பார்ப்பது.

இளம் மருத்துவர்களின் கூட்டத்தில், செய்தவன் நான் என்று சொல்லி, இதை எடுத்துரைப்பது.