காஜா அக்காவின் துணிக்கொடி

சட்டைக்குப் பட்டன் துளை எடுப்பதுதான் அவள் தொழில். தையற்கடையில் அதைக் காஜா என்பார்கள். அவளைக் காஜா அக்கா என்பார்கள். அவள் புருஷனுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள், உம்மணாமூஞ்சி. லிப்ட் மெக்கானிக். சாயங்காலம் அவளை அழைத்துப்போக வந்தால் கடை வாசலிலேயே நிற்பான், உள்ளே தலையை நீட்டி ஒரு வார்த்தை பேச மாட்டான். "அக்கா, உங்க தூண் வந்தாச்சு" என்று கட்டிங் மாஸ்டர் குரல் கொடுப்பார். அவளும் சிரித்துக்கொண்டே கத்தரிக்கோலை வைத்துவிட்டுக் கிளம்புவாள்.

அந்த மனுஷன்மேல் அவளுக்கு அப்படி ஒரு பைத்தியம். எதைக் கண்டு மயங்கினாளோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து "சாப்பிட்டியா" என்று ஒருதரம் கேட்டவனில்லை. "அவருக்குப் பேச வராது, அவ்வளவுதான்" என்பாள். பேச வராதவனுக்குத் திட்ட மட்டும் நன்றாக வரும் என்பதை அவள் வெளியே சொல்ல மாட்டாள்.

அப்படிப்பட்டவன் இப்போது கொஞ்ச நாளாகக் கேட்கிறான். சாப்பிட்டியா, கை வலிக்குதா, ஊசி குத்திடுச்சா என்று கேட்கிறான். அவள் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருக்கிறான். இதற்காக அவள் எத்தனை வருஷம் ஏங்கியிருப்பாள்! கிடைத்தபோது பயம்தான் வந்தது. எதனால் கிடைத்தது என்று அவளுக்குத் தெரியுமே.

விஷயம் இதுதான். கதவு மூடாமல் லிப்ட் நகராது. பழுது பார்க்கும்போது மட்டும் மெக்கானிக் ஒரு ஒயரைக் குறுக்கே மாட்டி, கதவு மூடியிருப்பதாக லிப்டை நம்பவைப்பான். வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். மறந்து தொலைக்கக் கூடாது என்றுதான் அந்த ஒயர் நல்ல சிவப்பில், ஆள் உயரத்தைவிட நீளமாக இருக்கும். வெளியே தொங்கிக்கொண்டு, மின்பெட்டியின் மூடியைச் சாத்தவே விடாது. அன்று அது அவன் பையில் இல்லை. கையில் கிடைத்த துண்டு ஒயரை மாட்டி வேலையைப் பார்த்தான். அதற்குள் வேறொரு கட்டடத்திலிருந்து அவசரம் என்று கூப்பிட்டார்கள். துண்டை மறந்து மூடியைச் சாத்திவிட்டு ஓடினான்.

மறுநாள் ஒரு குமாஸ்தா உள்ளே கால் வைக்கும்போதே, திறந்த கதவோடு லிப்ட் மேலே கிளம்பிவிட்டது. ஆள் பிழைக்கவில்லை. போலீஸ் வருவதற்குள் இவனைத்தான் ஓடிவரச் சொன்னார்கள். வந்தவன் துண்டு ஒயரைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பழி லிப்டை ஓட்டும் பெரியவர் தலையில் விழுந்தது. கதவைச் சாத்தாமல் எப்படியோ பட்டனை அழுத்திவிட்டார் என்று அவரைச் சிறையில் வைத்தார்கள். "கதவு திறந்திருந்தா இது நகராதுங்க" என்று அவர் கத்தியதுதான் மிச்சம்.

சட்டையைத் துவைக்கும்போது துண்டு ஒயர் அவள் கையில் அகப்பட்டது. கேட்டாள். அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அவள்தான் ஒன்றைச் சொல்லாமல் விழுங்கினாள். அந்தச் சிவப்பு ஒயரை எடுத்தது அவள்தான். அந்த வேலைக்கு முந்தின ராத்திரி அடைமழை, அறைக்குள் துணிக்கொடி அறுந்துவிட்டது, விடிந்தால் அவன் ஈரச் சட்டையோடு வேலைக்குப் போவானே என்று பையிலிருந்து உருவி ஜன்னலுக்கும் ஆணிக்கும் இழுத்துக் கட்டினாள். வீட்டில் ஒயர் துண்டுகளுக்கா பஞ்சம், இதுவும் ஒன்று என்று நினைத்தாள். விஷயம் தெரிந்ததும் அவசர அவசரமாக அவிழ்த்துப் பெட்டிக்கடியில் ஒளித்தாள். அதற்குப் பிறகு துணியெல்லாம் நாற்காலி முதுகில்தான் காய்ந்தது.

சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பாள். சாயங்காலம் அவன் வந்து கையைப் பிடிப்பான். இன்னும் ஒரு நாள் போகட்டும் என்று தோன்றிவிடும். ஒருவர் சாவில், இன்னொருவர் சிறையில் தனக்கு வாழ்வு வந்திருக்கிறதே என்று தன்னையே காறித் துப்பிக்கொள்வாள். ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தாள். என்ன மனமோ, போங்கள்!

அப்புறம் ஒருநாள் ஒரு வயதான அம்மாள் கடைக்கு வந்தாள். கையில் பழைய வெள்ளைச் சட்டை. "காஜா எல்லாம் பிஞ்சு போச்சும்மா. புதுசா எடுத்துக் குடு. கோர்ட்டுக்குப் போட்டுக்கணும். லிப்ட் கேஸ்ல எங்க வீட்டுக்காரரை உள்ளே வெச்சிருக்காங்க. அவருக்கு இந்த ஒரு சட்டைதான் நல்லது."

காஜா அக்காவின் கத்தரி வழுக்கியது. துளை வெட்ட வேண்டிய இடத்தில் துணி நீளமாகக் கிழிந்தது. அவள் கையால் ஒரு காஜா கெட்டுப்போய்க் கடையில் யாரும் பார்த்ததில்லை. "பரவாயில்லம்மா, மனசுல என்ன கவலையோ உனக்கு" என்று அந்த அம்மாளே சமாதானம் சொன்னாள். அந்தச் சமாதானத்தை அவளால் தாங்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் புருஷன் சாப்பிட உட்கார்ந்தபோது ஆரம்பித்தாள்.

"நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போறோம்."

"என்ன உளர்றே? நான் உள்ளே போயிட்டா நீ என்ன பண்ணுவே? உனக்காகத்தான் வாயை மூடிக்கிட்டுக் கிடக்கேன்."

"என்னங்க, உங்களுக்கு ஒண்ணு தெரியாது. அந்தச் சிவப்பு ஒயரை..."

"தெரியும்." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "ஆள் செத்த அன்னைக்கு வீட்டுக்கு வந்தப்பதான் கவனிச்சேன். என் சட்டைதான் அதுல காய்ஞ்சுக்கிட்டு இருந்துச்சு."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏன் சொல்லல?"

"சொன்னா நீ தாங்குவியா?"

பாவி, இத்தனை நாளும் பயத்தில் கையைப் பிடிக்கிறான் என்றல்லவா நினைத்திருந்தாள்! அவள் நொறுங்கிவிடாமல் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறான். அந்த நிமிஷமே ஸ்டேஷன் பேச்சை விட்டுவிடலாம் என்றிருந்தது, எந்தப் பெரியவர் எக்கேடு கெட்டால் என்ன என்றிருந்தது. அந்தக் கிழிந்த சட்டை மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை.

"எனக்காகன்னு சொல்லி நீங்க ஒளிஞ்சா, அந்தப் பெரியவரை நான்தான் உள்ளே வெச்சிருக்கேன். அந்தப் பாவத்தோட உங்க பக்கத்துல என்னால படுக்க முடியாது."

"என்னைப் புடிச்சுக் குடுக்கப் போறியா?"

"ஆமா. நானும் கூட வர்றேன்."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். வாய்க்கு வந்தபடி திட்டினான். அவள் அழுதாள், இறங்கி வரவில்லை. காலையில் அவனே சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

ஸ்டேஷனில் துண்டு ஒயரை மேஜைமேல் வைத்து நடந்ததைச் சொன்னான். இன்ஸ்பெக்டர் எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப சிவப்பு ஒயர் எங்கே?" என்றார்.

"தொலைச்சுட்டேன் சார்."

"பொய் சொல்றாரு சார்!" காஜா அக்கா பையிலிருந்து அதை உருவிப் போட்டாள். கொடி அறுந்த கதையை மூச்சுவிடாமல் சொன்னாள். "என் பேரையும் எழுதுங்க சார். என்னையும் உள்ளே வைங்க."

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "துணி காயப்போட்டதுக்கெல்லாம் கேஸ் கிடையாதும்மா. வெளியே போய் உட்காரு."

"எழுதுங்க சார்" என்று மேஜையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். பெண் போலீஸ் வந்து தோளைத் தொட்டாள்.

குனிந்த தலையை நிமிர்த்தாமல் அவன் சொன்னான்: "அந்த ஒயர் உங்களுக்கு வேணாம்னா அவகிட்டயே குடுத்துடுங்க சார். வீட்டுல கொடி இல்ல. துணியெல்லாம் நாற்காலியில போட்டுக் கஷ்டப்படுறா."

இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். அவள் கை நீட்டவில்லை. பெண் போலீஸ்தான் அதைச் சுருட்டி அவள் பைக்குள் வைத்தாள்.