வாய்க்கு முந்திய கை

எனக்கு வாய் திக்கும். பேச ஆரம்பித்த நாளிலிருந்தே அப்படித்தான் என்று அம்மா சொல்வாள். ராயப்பேட்டையில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் காலையில் பெயர் வாசிக்கும்போது 'உள்ளேன் ஐயா' என்று எழுந்து சொல்ல வேண்டும். எனக்கு அந்த 'உ' வராது. உதடு குவியும், கழுத்து நரம்பு புடைக்கும், சத்தம் மட்டும் வெளியே வராது. வகுப்பு சிரிக்கும். நான்காம் வகுப்பில் ஒருநாள், பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தவனின் மூக்கில் குத்தினேன். அதன்பிறகு அந்த வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. வாயால் முடியாதது கையால் முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அதற்கு அப்புறம் முப்பது வருஷம் அப்படியே போயிற்று.

தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் எனக்கு வேலை. மூன்றாவது மாடி, வேட்டி துண்டுப் பிரிவு. வாடிக்கையாளரிடம் பேசுவதை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நான் எடுத்துப் போடுவேன், மடித்து வைப்பேன். என்னோடு அங்கே வேலை பார்த்தவர்களில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவன் இருந்தான். என்னைவிடப் பத்து வயது சின்னவன், நன்றாகப் பேசுவான். ஒருநாள் மதியச் சாப்பாட்டில், நான் ஒரு பெரியவரிடம் 'பத்து முழம்' என்று சொல்ல முயன்றதை அவன் அப்படியே நடித்துக் காட்டினான். மேஜையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். என் கையில் எவர்சில்வர் டம்ளர் இருந்தது. அதோடு சேர்த்தே அவன் வாயில் அடித்தேன். முன்பல் பாதி உடைந்து சோற்றில் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் அவன், மாடிப்படியில் தவறி விழுந்ததாகச் சொல்லிவிட்டான். அதனால் போலீஸ் வரவில்லை. கடை மேலாளர் என்னைக் கூப்பிட்டு, பதினோரு வருஷம் வேலை பார்த்தவன் என்பதால் நிறுத்தவில்லை என்றார். மறுநாளிலிருந்து என்னைப் பின்தெரு குடோனுக்கு மாற்றினார். அங்கே மூட்டைகள் மட்டும்தான். பேச வேண்டியதே இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது என்று சொல்லத்தான் வேண்டும்.

பிடிக்காதது என் மனைவிக்கு. நான் ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டு நிற்கும்போதெல்லாம் அவள் எங்கள் மகளை மெதுவாக உள்ளறைக்கு அனுப்பிவிடுவாள் என்பதை அந்த நாட்களில்தான் கவனித்தேன். வீட்டில் யாரையும் நான் அடித்ததில்லை. தட்டு பறந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அவள் அந்த வித்தியாசத்தை நம்பவில்லை.

நாங்கள் கத்தோலிக்கர்கள். மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருக்கிறோம். கோயில் நடந்து போகிற தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தாமதமாகப் போய்ப் பின்னால் நின்றுவிட்டு, யாராவது பேச்சுக் கொடுப்பதற்குள் வெளியே வந்துவிடுவது என் பழக்கம். சின்ன வயதில் என் நாக்கைச் சரிசெய்யச் சொல்லி ஆண்டவரிடம் நிறையக் கேட்டிருக்கிறேன். அவர் செய்யவில்லை. அவர்மேலும் எனக்குக் கோபம் இருந்தது.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வரும்படி மனைவி சொன்னாள். வாயால் சொல்ல முடியாது என்று தெரிந்ததால், பல்லை உடைத்த கதையை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போய்ச் சாமியாரிடம் நீட்டினேன். அவர் படித்தார். நல்ல புத்தி சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"அடிக்கறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி உங்களுக்கு என்ன இருந்தது?" என்று கேட்டார்.

கோபம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வந்தது வேறு வார்த்தை. "ப... ப... பயம், ஃபாதர்."

அதை அதற்கு முன்பு நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் இல்லை. அவர் தாளை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு, ஈஸ்டருக்குள் அந்த ஆளைப் பார்த்து மன்னிப்புக் கேட்கச் சொன்னார். தாளில் வேண்டாம், வாயால் கேளுங்கள், எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை என்றார். 'மன்னிப்பு' என்பது 'ம'வில் ஆரம்பிக்கிற வார்த்தை. எனக்கு 'ம' மிகவும் கஷ்டம். இரண்டு வாரம் போகாமல் தள்ளிப்போட்டேன். அந்த நாட்களில் என் ஜெபம் மட்டும் மாறியது. நாக்கைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு, என் கையைப் பிடித்துக்கொள்ளும் ஆண்டவரே என்று கேட்க ஆரம்பித்தேன்.

எங்கள் தெருக் குடும்பங்கள் மாதம் ஒருமுறை கூடி ஜெபம் சொல்வோம். அதை அன்பியம் என்பார்கள். அதற்குப் பொறுப்பாக இருந்த அக்கா டெலிபோன் எக்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு ஞாயிறு பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கும் முறை எங்கள் தெருவுக்கு வந்தபோது, அவர் நேராக என் வீட்டுக்கு வந்து நான் வாசிக்க வேண்டும் என்றார். கேலி செய்கிறார் என்றே நினைத்தேன். கை மடங்கியது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். மனைவி மகளைக் கூப்பிட்டாள். அக்கா அசையவில்லை.

"ஜெபத்துல எல்லார் கூடவும் சேர்ந்து சொல்றப்ப உனக்குத் திக்கலயே, கவனிச்சிருக்கியா? நானும் கூட நிக்கறேன். ரெண்டு பேரும் ஒண்ணா வாசிப்போம்."

அது உண்மை. ஜெபமாலையில், பாட்டில், சிலுவைப்பாதையில் எனக்குத் திக்காது. அதை அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தேனே தவிர, பயன்படுத்தலாம் என்று தோன்றியதில்லை.

பத்து நாள் சாயங்காலம் அவர் வீட்டில் பழகினோம். ஆரம்பத்தில் ஒரே ஸ்டாப்புக்கு முந்துகிற இரண்டு பஸ் மாதிரி இருந்தது. அவர் வேகமாக ஓடுவார், நான் பின்னால் இழுப்பேன். அவருடைய கட்டிய பல்செட் 'ச'கரம் வரும்போதெல்லாம் சத்தம் போடும். இரண்டு தடவை நான் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து வந்தேன். இரண்டு தடவையும் மறுநாள் திரும்பப் போனேன். ஒரு வாரத்தில் அவர் வேகத்தைக் குறைக்கவும், நான் அவர் மூச்சைக் கேட்டு எடுக்கவும் கற்றுக்கொண்டோம்.

அந்த ஞாயிறு கோயில் நிரம்பியிருந்தது. முக்கால் பங்கு ஒழுங்காகப் போயிற்று. அப்போது அக்காவுக்கு இருமல் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அவர் நிறுத்த, நான் ஒரு வார்த்தையின் நடுவில் தனியாக நின்றேன். சத்தம் அடைத்துக்கொண்டது. மைக்கில் என் மூச்சு மட்டும் கேட்டது. வாசகப் பலகையின் ஓரத்தைப் பிடித்திருந்த கை விறைத்தது. நிமிர்ந்து பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. சிலர் தலை குனிந்திருந்தார்கள், சிலர் என்னைப் பார்த்தபடி சும்மா காத்திருந்தார்கள். இத்தனை வருஷம் நான் பயந்துகொண்டிருந்தது இந்த இடத்துக்குத்தான், இப்போது அதிலேயே நின்றுகொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. வார்த்தை வந்தது. அடுத்ததும் திக்கித்தான் வந்தது. கடைசி வரியில் அக்கா மறுபடி சேர்ந்துகொண்டார்.

இரண்டு நாள் கழித்து, டீ நேரத்தில், கடையின் பின்பக்க மாடிப்படியில், நான் பல்லை உடைத்தவனைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் இரண்டு படி பின்னால் ஏறி, ஒரு கையால் வாயை மறைத்துக்கொண்டான். என்னைக் கண்டு ஒருவர் பயப்படுவது எப்படி இருக்கும் என்று அதுவரை நான் நின்று பார்த்ததில்லை.

"ம... ம..." என்றேன். அங்கேயே நின்றுவிட்டது. அவனுக்கு அது என்ன வார்த்தை என்று தெரிந்திருக்க வேண்டும். எடுத்துக் கொடுக்கவில்லை. கையை வாயிலிருந்து இறக்கினான்.

"நிதானமா சொல்லுங்கண்ணே. நான் எங்கயும் போகல."

சொல்லி முடிக்க நேரம் ஆயிற்று. டீ ஆறிப்போனது. ஆஸ்பத்திரியில் என்னைக் காட்டிக்கொடுக்காததற்கு நன்றியும் சொன்னேன். அதற்கு அவன், அது எனக்காக இல்லை, விஷயம் போலீசுக்குப் போய்க் கடைப் பெயர் கெட்டிருந்தால், கேலி செய்த தன் வேலையும் போயிருக்கும் என்பதற்காகத்தான் என்றான். கேலி செய்ததும் தப்புதான் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது. பல்லுக்கு உறை போட்டிருந்தான்.

ஆடித் தள்ளுபடிக் கூட்டத்துக்கு ஆள் போதாதபோது, என்னை மேலே அனுப்பச் சொல்லி மேலாளரிடம் அவனே கேட்டான். இருவரும் ஒரே கவுன்ட்டரில் நின்றோம். அவன் பேசினான், நான் எடுத்துப் போட்டேன். கரை அகலத்தையும் நூலின் நயத்தையும் நான் சொல்ல வேண்டி வந்தால், அவன் வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு நான் முடிக்கிற வரை காத்திருப்பான். அவன் காத்திருப்பதைப் பார்த்து வாடிக்கையாளரும் காத்திருப்பார்கள். ஒரே ஒரு தடவை, ஒருவர் என்னைப் போலவே பேசிக் காட்டினார். கவுன்ட்டருக்குக் கீழே என் கை மடங்கியது. மனசுக்குள் ஆண்டவரைக் கூப்பிட்டேன். பிறகு, எனக்குத் திக்கும் சார், கொஞ்சம் பொறுங்கள் என்று அவரிடம் திக்கித் திக்கியே சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. ஒன்றும் வாங்காமல் போனார்.

இப்போதும் திக்குகிறது. கோபமும் போய்விடவில்லை. அது வருவதற்கு முன்னால் பயம் வருவது தெரிகிறது, அவ்வளவுதான். மகள் பள்ளிக்கூடப் பாடத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறாள். அக்கா அடையாறில் மகன் வீட்டுக்குக் குடிபோய்விட்டார். எங்கள் தெருவின் முறை வரும்போது நான் தனியாகத்தான் வாசிக்கிறேன். பூசை ஐந்து நிமிஷம் நீள்கிறது என்று பெரியவர் ஒருவர் போன மாதம் வாசலில் என்னிடமே குறைப்பட்டார். அவருக்குக் கால் வலி, அதிக நேரம் தரையில் உட்கார முடியாது. முதல் வரிசையில் அவருக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.