இருபத்தாறு வீத லாபம்

கணவர் இறந்து இரண்டாம் மாதம், எங்கள் மியூச்சுவல் ஃபண்ட் கடிதத்தைப் பிரித்தேன். ஐந்து வருடத்துக்கு முன் பத்தாயிரம் டொலர் போட்டிருந்தோம். இப்போது இருபத்து மூவாயிரம் இருந்தது. பதின்மூவாயிரம் லாபம், ஐந்தால் பிரித்தால் ஆண்டுக்கு இருபத்தாறு வீதம் என்று கணக்குப் போட்டேன். சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. அவருடைய ஆயுள் காப்புறுதிக் காசு முழுவதையும் அதிலேயே போட்டுவிடலாம் என்று வீட்டுக்குக் கிட்ட மோர்னிங்சைட் வீதியில் உள்ள வங்கிக்குப் போனேன்.

அங்கே வேலை செய்யும் தமிழ்ப் பெண் கணினியில் கணக்கைப் பார்த்தார்.

“அன்ரி, உது லாபம் இல்லை. அங்கிள் மாசாமாசம் இருநூறு டொலர் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அதுவே பன்னிரண்டாயிரம். லாபம் ஆயிரம்தான். வருசத்துக்கு ரெண்டு வீதமும் வராது.”

“ஓம்” என்றேன்.

சனிக்கிழமையும் ஓவர்டைமுக்குப் போகிறார் என்று கணவரோடு எத்தனையோ தரம் சண்டை பிடித்திருக்கிறேன். அந்தக் காசு எங்கே போகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

காப்புறுதிக் காசை அதில் போடவில்லை. இப்போதெல்லாம் இடையில் போட்ட காசைக் கழித்த பிறகுதான் லாபத்தைப் பார்க்கிறேன். கழிக்கும்போது பன்னிரண்டாயிரம் என்று எழுதுவதில்லை. இருநூறு, இருநூறு என்று அறுபது தரம் எழுதிக் கூட்டுகிறேன்.