எங்கள் சந்தில் ரேடார் வண்டி

செவ்வாய் கிரகத்தில் ஊர்ந்துபோகும் வண்டி ஒன்று ரேடார் அலையைத் தரைக்குள் அனுப்பி, பத்து மீட்டருக்கும் கீழே படிந்திருக்கும் பாறை அடுக்குகளைப் படமாக வரைகிறது. அந்தப் படங்களைப் பார்த்துத்தான் எனக்குப் பைத்தியம் பிடித்தது. கடைசி வருட புராஜெக்ட்டுக்கு நாலு சக்கரத்தில் ஒரு குட்டி வண்டி செய்து, கல்லூரி ரேடாரை அதில் கட்டினேன். கல்லூரி மைதானத்தின் உலர்ந்த மணலில் புதைத்துவைத்த இரும்புக் குழாயைப் பிசகாமல் காட்டியது. அதை வீட்டில் சொன்னேன். ராயபுரத்தில் வீட்டில் சொன்னால் சந்து முழுக்கச் சொன்ன மாதிரி.

அப்போது எங்கள் சந்தில் குடிநீரில் சாக்கடை கலந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டு அக்காவின் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஒன்பதாம் மாதம், வந்த வாரமே வாந்தி, பேதி. குழாய் எங்கே உடைந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. சிமென்ட் ரோட்டை ஒரே இடத்தில்தான் உடைப்போம், இடத்தை நீங்களே காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார் குடிநீர் வாரிய மேஸ்திரி.

"நம்ம பாப்பாகிட்ட மிஷினு கீதே!" என்றார் அக்கா. அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் சரி என்றுவிட்டேன்.

சனிக்கிழமை காலை வண்டியோடு இறங்கினால், சந்து பளபளவென்று நனைந்து கிடந்தது. மாதா தேர் வருகிற நாளில் தெருவைக் கழுவிவிடுவது எங்கள் வழக்கம். அக்கா மோட்டார் போட்டு, போர் தண்ணீரில் சந்து முழுவதையும் கழுவியிருந்தார். கடலுக்கு இரண்டு தெரு தள்ளி எடுக்கிற தண்ணீர். வாயில் வைத்தால் கரிக்கும்.

"தேருக்குக் கழுவுற மாதிரி கழுவி வச்சிகீறேன். உன் மிஷினுக்குத் தூசி ஆவாதுல்ல?"

ரேடார் அலைக்குத் தூசி ஒரு பொருட்டே இல்லை. உப்புத் தண்ணீர்தான் ஆகாது. அலையை அப்படியே விழுங்கிவிடும். வண்டியை உருட்டினேன். திரையில் ஒரு ஜாண் ஆழம்வரை கோடுகள், அதற்குக் கீழே வெறும் புள்ளிகள். திரும்ப உருட்டினேன். மூன்றாம் முறையும் அதேதான்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற அண்ணன் மாடியிலிருந்து கத்தினார்: "இன்னா பாப்பா, செவ்வாயில ஓடுற வண்டி நம்ம சந்துல பஞ்சரா?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "சும்மா கெட நைனா, அது பாத்துகினு கீது."

கடப்பாரை ஆட்களோடு வந்து நின்ற மேஸ்திரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எங்க ஒடைக்கணும்மா? அடுத்த தெருவுக்கு வேற போவணும்."

தெரியவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வாய்வரைக்கும் வந்தது. அக்காவின் மகள் வாசற்படியில் வயிற்றைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். புள்ளிகளுக்கு நடுவே வளைவு மாதிரி ஏதோ தெரிந்த ஓர் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டேன்.

உடைத்தார்கள். இடுப்பளவு பள்ளத்தில் குழாய் முழுசாகக் கிடந்தது, ஒரு கீறல்கூட இல்லாமல். மேஸ்திரி கடப்பாரையால் இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார். "நல்லா கீது. மூடுங்கடா."

பள்ளத்தை மூடிச் சிமென்ட் பூசிவிட்டு ஆட்கள் போனபிறகு அக்கா என்னிடம் வந்தார். "நான் தண்ணி ஊத்தி பேஜாரு பண்ட்டேனா?"

"இல்லக்கா. கழுவாட்டியும் தெரிஞ்சிருக்காது. இந்த மண்ணே உப்பு."

உண்மை அதுதான். காய்ந்த கிரகத்தில் ஆழம்வரை பார்க்கிற கருவி கடலோர மண்ணில் குருடு. வண்டியைச் சந்தில் இறக்கும் முன்பே நான் அதைப் படித்திருந்தேன். படித்தும் சரி என்றவள் நான். அக்கா நம்பவில்லை. "எனுக்கோசரம் சொல்ற" என்று விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை தண்ணீர் வந்தது. அக்கா முதல் குடத்தை என் மூக்கருகே தூக்கிப் பிடித்தார்.

"எனுக்கு சளி. நீ மோந்து சொல்லு."

மோந்து பார்த்தேன். "நாறுதுக்கா."

அக்கா அந்தக் குடத்தைப் புதுச் சிமென்ட் மேலேயே கவிழ்த்துவிட்டு, குழாயடியில் அடுத்த குடத்தை வைத்தார்.