ஒரு நிமிட அஷாபா

தக்காளிக் குவியலில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துவிட்டு, விலைபேசிக்கொண்டிருந்த டீ வடிகட்டியை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறார் அஷாபா. “இதுதான் உங்க சிறுநீரகம். ஆனா வடிகட்டி மாதிரி இல்லாம, சிறுநீரகம் கழிவைக் கீழ விடும், நல்லதைப் பிடிச்சு வெச்சுக்கும்.”

“நியாபோ, வடிகட்டிய வாங்குறீங்களா, இல்ல அதுக்குப் பாடம் எடுக்குறீங்களா?” மரியாதையாக ‘நியாபோ’ என்றழைக்கும் கடைக்காரியின் கேள்வியும் பதிவாகிவிடுகிறது. அஷாபா அதை வெட்டுவதில்லை. “சிரிச்சுக்கிட்டே கேட்டது மறக்காது” என்பார்.

ம்பராரா நகரில் செவிலியர் பட்டப்படிப்புக்கு உடலியல் நடத்துகிறார். முழு விரிவுரையை வீடியோவாகப் போட்டால் மாணவர்களின் டேட்டா தீர்ந்துவிடும்; ஒரு நிமிடம் என்றால் பைக் டாக்சியின் பின்னால் உட்கார்ந்தே பார்த்துவிடலாம். பழக்கம் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. அன்றைய பொழுது எப்படிப் போனது என்று கணவர் கேட்டால் நாலு வாக்கியம்தான் பதில். “மிச்சம்?” என்பார் அவர். “அடுத்த வீடியோவுல.”

உடலில் நீர் வற்றுவதைப் பற்றிய துணுக்குதான் ஊரெல்லாம் சுற்றியது. ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறதா, நாக்கு வறண்டிருக்கிறதா, சலைனைத் திற, ஓடவிடு. ‘ஓடவிடு’ என்னும்போது இடுப்பை ஒரு ஆட்டு ஆட்டுவார்.

ஒருநாள் வார்டுக்குள் நுழைந்தபோது, இறுதியாண்டு மாணவன் தாயேப்வா ஒரு பெரியவருக்குச் சலைனை முழு வேகத்தில் திறந்துவிட்டுக்கொண்டிருந்தான். பெரியவர் படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்தார். அஷாபா ஓடிப்போய்க் குழாயை அடைத்தார். போர்வையை விலக்கினார். கால்கள் பூசணிக்காயாக வீங்கியிருந்தன. நீர் வற்றிய உடம்பல்ல அது. ரத்தத்தை இறைக்க முடியாமல் இதயம் திணறி, நீர் தேங்கிய உடம்பு.

“மேடம்… பிரஷர் கம்மியா இருந்துச்சு, நாக்கு காஞ்சிருந்துச்சு. நீங்கதானே ஓடவிடச் சொன்னீங்க?”

அவன் வம்புக்குக் கேட்கவில்லை. அதுதான் அவரைச் சுட்டது.

“சொன்னேன். போர்வைய விலக்கிப் பாருன்னு சொல்லல.”

மாலைக்குள் பெரியவருக்கு மூச்சு சீரானது. மூத்த மருத்துவர் பெகுமிசா விடவில்லை. “ஒரு நிமிஷத்துல முட்டையே வேகாதும்மா. வைத்தியம் வெந்துடுமா? எல்லாத்தையும் அழிச்சுடு.”

அழிக்க அஷாபாவுக்கு மனம் வரவில்லை. உடலியலில் இரண்டு முறை தேறாத தாயேப்வா மூன்றாம் முறை தேறியதே அந்தத் துணுக்குகளால்தான். அப்படியே விட்டுவைக்கவும் முடியவில்லை. அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு, வேறொன்று பதிந்தார். இம்முறை இடுப்பாட்டம் இல்லை. “போன தடவ நான் பாதிதான் சொன்னேன். அந்தப் பாதியால ஒருத்தருக்கு மூச்சே நின்னிருக்கும்” என்று தொடங்கினார். அதைப் பார்த்தவர்கள் குறைவு. திட்டியவர்கள் அதிகம். தாயேப்வா மட்டும் அதைத் தன் வகுப்பு முழுவதற்கும் அனுப்பினான்.

இப்போது மருத்துவமனை வாசலில் சோளம் கொறித்தபடி பின்னூட்டங்களைப் படிக்கிறார். எங்கோ தொலைவிலிருந்து முதலாண்டு மாணவி ஒருத்தி கேட்டிருக்கிறாள்: “மேடம், அப்ப எவ்வளவு வேகமாத்தான் விடணும்? ஒரே வரியில சொல்லுங்க.”

விரல்கள் பழக்கத்தில் ஓர் எண்ணைத் தட்டிவிட்டன. அனுப்பும் முன் நின்றார். எழுத்து எழுத்தாக அழித்தார். அந்த இடத்தில், “யாருக்கு?” என்று எழுதி அனுப்பினார்.